எஸ்2000-ஐக் கொடுத்துவிட்டு எதை எடுப்பது?

"அங்கிள், இதைக் குடுத்திட்டு எதை எடுக்கலாம்?" என்று கேட்டுக்கொண்டு யாராவது ஒரு பிள்ளை கராஜுக்கு வராத மாதம் இல்லை. 'இது' என்பது பெரும்பாலும் ஹோண்டா எஸ்2000. 2009இல் அதன் உற்பத்தி நின்றது. அது போன இடத்தில் வைக்க ஹோண்டா இன்றுவரை வேறொன்றைச் செய்யவில்லை. உலகம் முழுவதற்குமாக வெளிவந்தவை 1,10,000 கார்கள் அளவுதான். நான் இருக்கும் இங்கிலாந்தில் குளிர்கால உப்புத் தெரு துருவை ஏற்றுகிறது, ஏறிய விலை ஆசை காட்டுகிறது, வீட்டில் குழந்தை பிறக்கிறது. ஏதோ ஒன்று ஒருநாள் இந்தக் கேள்வியைக் கேட்க வைத்துவிடும். இந்தக் கார்களுக்கு அடியில் படுத்தே தலை நரைத்தவன் என்ற உரிமையில், புதிதாகத் தேடத் தொடங்குகிற தம்பி தங்கைகளுக்குச் சொல்ல வேண்டியதைச் சொல்கிறேன்.

1. கார் தளர்ந்திருக்கிறதா, உங்களுக்குச் சலித்துவிட்டதா என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள்.

"முன்போல இல்லை அங்கிள், வளைவில் பயமாக இருக்கிறது" என்று சொல்லி விற்க வருகிறவர்களின் காரில் நான் முதலில் பார்ப்பது டயரின் பக்கச் சுவரை. அங்கே நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 2316 என்றால் 2016ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்த டயர். பூ தேயாமல் புதிதுபோல இருந்தாலும் ரப்பர் இறுகிப்போயிருக்கும். ஈரத் தெருவில் எஸ்2000-இன் பின்பக்கம் திடீரென்று வீசுவதற்கு ஆரம்ப ஆண்டுகளின் பின் சஸ்பென்ஷன் அமைப்பும் ஒரு காரணம். சக்கரம் மேலே ஏறும்போது அதன் முனை உள்நோக்கித் திரும்பும் அளவு அதில் கூடுதல். ஹோண்டாவே பின்னர் அதைத் திருத்தியது. ஆனால் நான் பார்த்த முக்கால்வாசிக் கார்களில் பயமுறுத்தியது பழைய டயரும் கலைந்துபோன வீல் அலைன்மென்ட்டும்தான்.

அந்த அலைன்மென்ட்டைச் சரிசெய்யும் போல்ட்டுகள் கீழ்க் கைகளின் புஷ்ஷுக்குள் துருப்பிடித்து இறுகிக்கொள்ளும். அவசரக்காரக் கடைகளில் முன் சக்கரங்களை மட்டும் நேராக்கிவிட்டு 'முடிந்தது' என்று தாள் கொடுத்துவிடுவார்கள். போல்ட்டுகளை அறுத்தெடுத்து, புதுப் புஷ் போட்டு, நான்கு சக்கரங்களையும் கணக்குப்படி அமைத்த பிறகு ஒரு மாதம் ஓட்டிப் பாருங்கள். குளிர்ந்த எஞ்சினைக் கிளப்பும்போது முன்பக்கத்தில் கடகடவென்று ஒரு சத்தம் கேட்டால் பெரும்பாலும் அது டைமிங் செயின் டென்ஷனர். அதற்காக யாரும் காரை விற்க வேண்டியதில்லை. இதையெல்லாம் செய்த பிறகும் மனம் வேறொன்றைத் தேடினால் மேலே படியுங்கள்.

2. நீங்கள் நேசித்தது அந்தக் காரில் எதை?

எல்லாவற்றையும் தீர்மானிக்கும் கேள்வி இதுதான். எஸ்2000-க்குள் ஐந்து கார்கள் இருந்தன என்று வைத்துக்கொள்ளுங்கள். டர்போ இல்லாத 1,997 சிசியில் 240 குதிரைத்திறன் தந்து 9,000 சுற்று வரை ஏறிய எஞ்சின் ஒன்று. மணிக்கட்டை அசைத்தால் விழும் ஆறு கியர் ஒன்று. எஞ்சினை முன் அச்சுக்குப் பின்னால் தள்ளி வைத்து, எடையை முன்னும் பின்னும் பாதிபாதியாகப் பிரித்த அமைப்பு ஒன்று. திறந்த கூரை ஒன்று. திங்கட்கிழமை காலையில் மக்கர் செய்யாமல் வேலைக்குக் கொண்டுபோய் விடும் ஹோண்டா நம்பகம் ஒன்று. என்எஸ்எக்ஸ் காரை உருவாக்கிய ஷிகெரு உயெஹாராதான் இதற்கும் தலைமைப் பொறியாளர். ஹோண்டாவின் ஐம்பதாண்டை ஒட்டி 1999இல் வந்த இந்தக் காரில் ஐந்தையும் ஒரே கூட்டில் அவர் அடைத்தார். அப்படி ஐந்தையும் ஒன்றாகத் தரும் கார் இன்று புதிதாகவும் இல்லை, பழையதாகவும் இல்லை. இரண்டைத் தரும் கார்கள் உண்டு, மூன்று நான்கைத் தருபவையும் உண்டு. எந்த இரண்டு என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

கேட்டால் எல்லோரும் "எஞ்சின்" என்கிறார்கள். நான் காரைக் கேட்பேன். ஒரு பிள்ளை வந்தான். ஒன்பதாயிரம் சுற்று இல்லாமல் உயிர் வாழ முடியாது என்றான். கூரைத் துணியைப் பார்த்தேன். சட்டம் மடியும் இடத்தில் இரண்டு பக்கமும் நூல் தெரியத் தேய்ந்திருந்தது. பின் டயரோ உள் விளிம்பிலிருந்து வெளி விளிம்புவரை சீராக, மெதுவாகத் தேய்ந்து வந்திருந்தது. அவன் கூரையைத் தினமும் திறந்தவன், எஞ்சினை எப்போதாவது விரட்டியவன். அவனுக்கு மாஸ்டா எம்எக்ஸ்-5 எடுத்துக் கொடுத்தோம். சந்தோஷமாக ஓட்டுகிறான்.

உங்கள் கடைசி ஒரு மாத ஓட்டத்தை நினைத்துப் பாருங்கள். எந்த நேரத்தில், எந்தத் தெருவில், எந்தக் கியரில் உங்கள் முகம் மலர்ந்தது? அதை ஒரு தாளில் எழுதிய பிறகே விளம்பரங்களைப் பாருங்கள்.

3. எஞ்சின்தான் என்றால், தேட வேண்டியவை பழைய கார்கள்.

எஸ்2000-இன் கேம்ஷாஃப்டில் இரண்டு வகை மேடுகள் உண்டு. 6,000 சுற்றுக்குக் கீழே வால்வைத் திறப்பது சிறிய மேடு. அந்த எல்லையைத் தாண்டியதும் ஆயில் அழுத்தம் ஒரு பின்னைத் தள்ளும், உயரமான மேடு வேலையை எடுத்துக்கொள்ளும். சத்தம் மாறும், முதுகில் ஒரு கை வைத்துத் தள்ளியதுபோல இருக்கும். விடெக் என்று எல்லோரும் பெருமையாகச் சொல்வது இதைத்தான். புகை விதிகளும் எரிபொருள் கணக்கும் இறுகிய பிறகு சிறிய எஞ்சினில் டர்போ வைத்து 2,000 சுற்றிலேயே இழுவையைக் கொடுப்பது எல்லோருக்கும் எளிதாகிப்போனது. அதனால் அந்த இரண்டாம் மூச்சைப் புதுக் கார்களில் தேடி அலையாதீர்கள்.

பழையவற்றில் அதற்கு மிக அருகில் இருப்பது லோட்டஸ் எலிஸ். 2004 முதல் சில வருடங்கள் டொயோட்டாவின் 1.8 லிட்டர் எஞ்சினோடு வந்தவற்றைச் சொல்கிறேன். அதிலும் 6,200 சுற்றுக்கருகில் உயரமான மேடு வேலைக்கு வரும், ஏறக்குறைய 190 குதிரைத்திறன் உண்டு. காரின் எடை 900 கிலோவைத் தொடாது. நார்ஃபோக்கில் உள்ள ஹெத்தலில் 2021 வரை எலிஸ் செய்தார்கள். பவர் ஸ்டீயரிங் கிடையாது. வாசற்படி உயரம், ஏறி இறங்க முதுகு வளைய வேண்டும். தினமும் கடைக்கும் வேலைக்கும் போகிறவர் யோசித்து எடுங்கள். ஞாயிறு காலைக்கு மட்டும் என்றால் தயங்க வேண்டாம்.

கையில் பணம் குறைவு என்றால் 2001 முதல் 2005 வரை ஸ்விண்டனில் செய்த சிவிக் டைப் ஆர். 200 குதிரைத்திறன், அதே விடெக் குணம். கியர் கம்பி டாஷ்போர்டிலிருந்து முளைத்திருக்கும், கை தன்னால் அதில் போய் உட்காரும். இழுப்பது முன் சக்கரம், கூரை இரும்பு. எஞ்சினுக்காக மட்டும் ஏங்குகிறவருக்கு இதைவிட மலிவான மருந்து எனக்குத் தெரியாது.

மாஸ்டா ஆர்எக்ஸ்-8 பற்றியும் கேட்பீர்கள். ரோட்டரி எஞ்சின், 231 குதிரைத்திறன் வகை 9,000 சுற்று தொடும், ஓடும் விதம் பட்டுப்போல. ஆனால் ஆயிலையும் பெட்ரோலையும் தாராளமாகக் கேட்கும். பார்க்கப் போனால் இருபது நிமிடம் நன்றாக ஓட்டி, நிறுத்தி, ஐந்து நிமிடம் பேசிக்கொண்டு நின்றுவிட்டுத் திரும்பக் கிளப்புங்கள். சூட்டில் கிளம்ப அடம்பிடித்தால் ரோட்டரின் முனைச் சீல்கள் களைத்திருக்க வாய்ப்பு அதிகம். கம்ப்ரெஷன் சோதனையை ரோட்டரிக்கென்றே உள்ள கருவியால்தான் செய்ய வேண்டும். ரோட்டருக்கு மூன்று முகம், மூன்றின் அளவும் தனித்தனியாகத் தெரிய வேண்டும். சாதாரண பிஸ்டன் கேஜ் அதிக அளவை மட்டும் காட்டி உங்களைச் சமாதானப்படுத்திவிடும். அந்தச் சோதனைக்கு ஒத்துக்கொள்ளாதவரிடம் வாங்காதீர்கள்.

4. கியரும் திறந்த கூரையும் என்றால் எம்எக்ஸ்-5.

இதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. 2015இல் வந்த நான்காம் தலைமுறையில், 2018இல் திருத்திய 2.0 லிட்டர் எஞ்சின் உள்ளதைப் பாருங்கள். 184 குதிரைத்திறன், 7,500 சுற்று. "240 எங்கே, 184 எங்கே" என்று உதட்டைப் பிதுக்குகிறவர்களுக்கு ஒரு கணக்கு. எஸ்2000-இன் உச்ச இழுவை 208 நியூட்டன் மீட்டர், அதுவும் 7,500 சுற்றில். எம்எக்ஸ்-5 தருவது 205, அதைத் தருவது 4,000 சுற்றில். எஸ்2000 1,250 கிலோ அளவு எடை, இது 1,050 கிலோ அளவு. ஊர்த் தெருவில், மூன்றாம் கியரில், வளைவிலிருந்து வெளியே வரும்போது எம்எக்ஸ்-5 பின்தங்காது. கியர் கம்பியின் அசைவு எஸ்2000-க்குச் சமமானது என்பதை என் கை சொல்கிறது.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். வளைவில் உடம்பு சாயும். இறுக்கமான எஸ்2000-லிருந்து நேராக இறங்கி ஏறுகிறவருக்கு முதல் நாள் அது பிடிக்காது. நல்ல டாம்பர் போட்டால் பெரும்பகுதி சரியாகும். இந்தத் தலைமுறையின் ஆரம்ப ஆண்டுக் கார்கள் சிலவற்றில் கியர்பாக்ஸ் தகராறு இருந்தது, இரண்டாம் கியரைக் கவனியுங்கள். உயரமானவர்கள் கூரையை மூடி உட்கார்ந்து பார்க்காமல் முன்பணம் கொடுக்கக் கூடாது. 2018 திருத்தத்தில்தான் ஸ்டீயரிங்கை முன்னும் பின்னும் இழுக்கும் வசதி வந்தது. நீளக் கால்காரர்களுக்கு அது ஒன்றே போதுமான காரணம்.

ஒரு விஷயம். "இப்போதைய கார்களில் எலெக்ட்ரிக் ஸ்டீயரிங், அதில் தெரு கையில் தெரியாது" என்று எஸ்2000 வைத்திருப்பவர்களே சொல்வதைக் கேட்டிருக்கிறேன். எஸ்2000-இலும் எலெக்ட்ரிக் ஸ்டீயரிங்தான். அந்தக் காலத்திலும் அதை யாரும் பெரிதாகப் புகழவில்லை.

5. காரின் சமநிலைதான் பிடித்தது என்றால் டொயோட்டா ஜிஆர்86.

2.4 லிட்டர், டர்போ இல்லை, சுபாருவின் படுக்கை எஞ்சின், 234 குதிரைத்திறன். பின் சக்கர இழுவை, தாழ்ந்த எடை மையம். எஸ்2000 ஓட்டிப் பழகிய கால் இதில் ஏறிய அரைமணி நேரத்தில் வீட்டுக்கு வந்ததுபோல உணரும். பின்பக்கம் நகரத் தொடங்குவதை இது முன்கூட்டியே சொல்லும், ஆரம்ப எஸ்2000 அப்படிச் சொல்லாது. புதிதாக ஓட்டக் கற்கிற பிள்ளைகளுக்கு இதைத்தான் முதலில் கை காட்டுவேன். 2024 ஜூலையில் அமலான பாதுகாப்பு விதிகள் வர இருந்ததால் ஐரோப்பாவுக்கு இரண்டு வருடப் பங்கு மட்டுமே ஒதுக்கினார்கள். ஆகவே கைமாறி வருவதைத்தான் தேட வேண்டும், விலையும் இறங்கவில்லை. 2012இல் வந்த முந்தைய ஜிடி86 மலிவு, ஆனால் 4,000 சுற்றுக்கருகில் இழுவையில் ஒரு பள்ளம் விழும். ஓட்டிப் பார்த்துப் பொறுக்க முடியுமா என்று பாருங்கள்.

6. போர்ஷே பாக்ஸ்டர் எடுப்பதானால் 2009க்குப் பிந்தையது.

ஐந்தில் நான்கைத் தரும் கார் இது. ஆறு சிலிண்டர், நடுவில் எஞ்சின், திறந்த கூரை, நல்ல கியர். 2008 வரையிலான எஞ்சின்களில் இடைத்தண்டின் பேரிங் உடைந்து எஞ்சினையே பலிவாங்கும் கதைகள் உண்மை. 2009 மாடலிலிருந்து வந்த எஞ்சினில் அந்தப் பேரிங்கே கிடையாது. 2012இல் வந்த அடுத்த உடம்பும் நல்லது. 2016இல் நான்கு சிலிண்டர் டர்போவுக்கு மாறினார்கள். வேகம் கூடியது, பாட்டு போய்விட்டது. 2020இல் 4.0 லிட்டர் ஆறு சிலிண்டரை 7,800 சுற்றோடு திரும்பக் கொண்டுவந்தார்கள், அது வசதியுள்ளவர்களுக்கு. வாங்கும் விலையை மட்டும் பார்க்காதீர்கள். ஹோண்டாவுக்கு நீங்கள் செலவழித்துப் பழகிய தொகையில் இதன் பிரேக் வேலை முடியாது. வருடச் செலவை மூன்று கராஜில் விசாரித்துவிட்டுப் போங்கள்.

7. ஹோண்டா சின்னத்தைப் பார்த்து ஹோண்டா வாங்காதீர்கள்.

2022இல் வந்த சிவிக் டைப் ஆர் அருமையான கார். 329 குதிரைத்திறன், கையால் போடும் கியர். ஆனால் டர்போ, முன் சக்கர இழுவை, ஐந்து கதவு. எஸ்2000-க்கு அது உறவுமுறை மட்டும்தான். 2025இல் திரும்பி வந்த பிரிலூட் ஹைப்ரிட், கிளட்ச் பெடலே இல்லை. வீட்டில் குழந்தை பிறந்ததால் விற்கிறவர்களுக்கு மட்டும் நான் டைப் ஆரைச் சொல்வேன். ஜிஆர்86-இன் பின்சீட்டைக் காட்டி மனைவியைச் சமாதானப்படுத்தலாம் என்று நினைக்க வேண்டாம். குழந்தை சீட்டை அதில் மாட்டிவிட்டால் முன்னால் பெரியவர் உட்கார முடியாது.

8. பூஜ்யத்திலிருந்து நூறு கிலோமீட்டர் வேகத்துக்கு எத்தனை நொடி என்ற கணக்கை விடுங்கள். இன்றைய மின்சாரக் கார்கள் பல உங்கள் எஸ்2000-ஐ சிக்னலில் தோற்கடிக்கும். அதனால் எஸ்2000 உங்களுக்குப் பிடிக்காமல் போகவில்லையே.

9. பார்க்கப் போகும்போது குளிர்ந்த எஞ்சினைக் கேளுங்கள்.

விற்பவரிடம் முந்தின நாளே சொல்லிவிடுங்கள், "நான் வரும்வரை கிளப்ப வேண்டாம்" என்று. போனதும் கை குலுக்கும் முன்பே பானெட் மேல் உள்ளங்கையை வையுங்கள். சூடாக இருந்தால் காரணம் கேளுங்கள். சரியான காரணம் இல்லையென்றால் நன்றி சொல்லிவிட்டு வந்துவிடலாம். குளிர்ந்திருந்தால் முதலில் ஆயில் குச்சியை உருவிப் பாருங்கள். உயர் சுற்று எஞ்சின்காரர் ஆயில் அளவைக் கீழ்க் கோட்டில் விட்டு வைத்திருந்தால் மற்ற பராமரிப்பும் அந்த லட்சணத்தில்தான் இருக்கும். பிறகு ஜன்னலைத் திறந்து வைத்து எஞ்சினைக் கிளப்புங்கள், ரேடியோ வேண்டாம், விற்பவரின் பேச்சும் அந்த ஒரு நிமிடம் வேண்டாம். ஓட்டத் தொடங்கியதும் முதல் கியரிலிருந்து இரண்டுக்கு மெதுவாகப் போடுங்கள். குளிரில் கொஞ்சம் கனம் இருக்கலாம், கரகரப்பு இருக்கக் கூடாது. வெப்பமுள் நடுவுக்கு வரும் வரை எஞ்சினை விரட்டாதீர்கள். விற்பவர் விரட்டச் சொல்லி அவசரப்படுத்தினால், அவர் அந்தக் காரை எப்படி ஓட்டியிருப்பார் என்பதை அதிலிருந்தே தெரிந்துகொள்ளலாம்.

பிரிட்டனில் இருப்பவர்களுக்கு ஒரு வசதி. காரின் பதிவு எண்ணைப் போட்டால் வருடாந்தர எம்ஓடி சோதனைகளின் பழைய முடிவுகளை அரசே இலவசமாகக் காட்டும். தேர்வானதா இல்லையா என்பதோடு நிற்காமல் அறிவுரைக் குறிப்புகளைப் படியுங்கள். மூன்று வருடமாக 'அடியில் துரு' என்று எழுதியிருந்து நான்காம் வருடம் அந்த வரி காணாமல் போயிருந்தால், காரை லிஃப்டில் ஏற்றிப் பாருங்கள். யாரோ வெல்டிங் செய்திருக்கலாம், கறுப்புப் பூச்சு அடித்து மறைத்தும் இருக்கலாம். சுத்தியலின் பிடியால் தட்டினால் எது என்று தெரிந்துவிடும்.

10. உங்களுக்குப் பழக்கமான தெருவிலேயே புதுக் காரையும் ஓட்டுங்கள்.

விற்பனையாளர் காட்டும் நேரான சாலை உங்களுக்கு எதையும் சொல்லாது. முடிந்தால் ஒரு நாள் வாடகைக்கு எடுத்து, தாளில் எழுதினீர்களே, அந்த வளைவுக்கு, அந்த நேரத்தில் போங்கள். முதல் பத்து நிமிடம் உங்கள் கை பழைய காரைத்தான் தேடும், அப்போது தோன்றுவதைக் கணக்கில் எடுக்க வேண்டாம். திரும்பி வரும் வழியில் என்ன தோன்றுகிறது என்பதைக் கவனியுங்கள்.

11. விற்கும் அவசரம் வேண்டாம்.

நல்ல எஸ்2000 ஒன்றைக் கொடுத்துவிட்டால் அதே விலைக்குத் திரும்ப வாங்க முடியாது. இடமும் பணமும் இருந்தால் இரண்டையும் ஒரு குளிர்காலம் வைத்திருங்கள். கூரை திறக்கும் கார்களைக் குளிரில் கேட்பார் குறைவு, ஆகையால் நவம்பர் டிசம்பரில் எம்எக்ஸ்-5, பாக்ஸ்டர் வாங்குகிறவருக்குப் பேரம் படியும். எஸ்2000-ஐ ஏப்ரலில் விளம்பரம் செய்யுங்கள். புதுக் காருக்கு இன்ஷூரன்ஸ் எவ்வளவு என்று முன்பணம் கொடுக்கும் முன்பே கேட்டுவிடுங்கள். 25 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு அந்த ஒரு தொகையே முடிவை மாற்றிவிடும். பழைய காரை விற்கும் நாள்வரை அதற்குச் சந்தை விலையை முன்கூட்டியே ஒத்துக்கொண்டு எழுதும் பாலிசி எடுங்கள். சாதாரண பாலிசியில் விபத்துக்குப் பிறகு கம்பெனி சொல்லும் விலையை எதிர்த்து நீங்கள் மாதக்கணக்கில் கடிதம் எழுத நேரும். விற்கும்போது சர்வீஸ் ரசீதுகள், இரண்டாவது சாவி, அலைன்மென்ட் தாள் எல்லாவற்றையும் ஒரே கோப்பில் வைத்துக் கொடுங்கள். வாங்க வருகிறவர் நவம்பரில் நீங்கள் கேட்ட அதே கேள்விகளைத்தான் கேட்பார்.